ஃபோர் டாப்ஸ்: நாற்பது ஆண்டுகள் பிரியாத நால்வர்

ஃபோர் டாப்ஸ் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் நகரில் உருவான சோல் இசைப் பாடகர் குழு. லீவை ஸ்டப்ஸ், அப்துல் 'டியூக்' ஃபக்கீர், ரெனால்டோ 'ஓபி' பென்சன், லாரன்ஸ் பேட்டன் ஆகிய நால்வர் இதன் உறுப்பினர்கள். 1950களின் நடுவில் பள்ளி மாணவர்களாக இவர்கள் ஒன்று சேர்ந்தனர். 1997-ல் பேட்டன் இறக்கும்வரை ஒருவர்கூட விலகவில்லை. புதிதாக யாரும் சேர்க்கப்படவும் இல்லை.

அமெரிக்க மேடை இசையின் வரலாற்றில் இது மிக அரிதான செய்தி. புகழ், பணம், பெயர் வரிசை ஆகியவற்றுக்காகக் குழுக்கள் உடைவது அங்கே வழக்கம். ஃபோர் டாப்ஸோடு ஒரே நிறுவனத்தில் பாடிய பெரிய குழுக்கள் பலவும் பத்தாண்டுகளுக்குள் சிதறின. இந்த நால்வரை எது சேர்த்து வைத்தது, அந்த ஒற்றுமைக்கு அவர்கள் கொடுத்த விலை என்ன என்ற இரண்டு கேள்விகளின் வழியாக இக்குழுவின் வரலாற்றைப் பார்க்கலாம்.

பின்னணி: டெட்ராய்ட்

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் தென்மாநிலங்களைச் சேர்ந்த லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் பருத்திக் காடுகளையும் இனவெறிச் சட்டங்களையும் விட்டு வடக்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். கார் தொழிற்சாலைகள் நிறைந்த டெட்ராய்ட் அவர்கள் தேடிச் சென்ற முக்கியமான நகரங்களில் ஒன்று. அவர்கள் தம்மோடு தேவாலயப் பாடல் மரபான காஸ்பலையும் ப்ளூஸையும் கொண்டு சென்றனர். தேவாலயத்தின் உருக்கமும் நகர நடன இசையின் தாளமும் சேர்ந்து பிறந்த வடிவமே பின்னர் சோல் என்று பெயர் பெற்றது.

அக்காலத்தில் இசைக்கருவி வாங்க வசதியில்லாத இளைஞர்கள் தெருமுனைகளிலும் பள்ளி வராந்தாக்களிலும் கூடி, குரல்களை மட்டுமே வைத்துச் சேர்ந்திசை பாடினர். ஒருவர் முன்னே பாட, மற்றவர்கள் மேல் குரல், இடைக்குரல், கீழ்க்குரல் என்று பிரிந்து துணை சேர்ப்பார்கள். பாடகர் குழு என்ற வடிவம் இவ்வாறு வளர்ந்தது.

நால்வரில் ஃபக்கீரின் குடும்பப் பின்னணி வேறுபட்டது. அவருடைய தந்தை பிரிட்டிஷ் இந்தியாவின் வங்காளத்தில், இன்று வங்கதேசமாக உள்ள பகுதியில் பிறந்து அமெரிக்காவுக்குச் சென்றவர். டெட்ராய்டில் தொழிற்சாலைத் தொழிலாளியாக இருந்தார். கப்பல் வேலைக்குச் சென்ற வங்காள முஸ்லிம்கள் பலர் அமெரிக்கத் துறைமுகங்களில் இறங்கி, கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளில் குடியேறி, அங்கேயே மணம் செய்துகொண்ட காலம் அது. அப்துல் ஃபக்கீர் என்ற பெயர் அமெரிக்க சோல் இசையின் வரலாற்றில் இடம்பெற்றது இப்படித்தான்.

தொடக்கம்

ஸ்டப்ஸும் ஃபக்கீரும் பெர்ஷிங் உயர்நிலைப் பள்ளியிலும், பென்சனும் பேட்டனும் நார்தர்ன் உயர்நிலைப் பள்ளியிலும் படித்தனர். நண்பர் ஒருவரின் விருந்தில் நால்வரும் முதன்முறையாகச் சேர்ந்து பாடினர். ஒத்திகை எதுவும் இல்லாமலேயே குரல்கள் பொருந்தியதைக் கண்டு குழுவாகத் தொடர முடிவு செய்தனர். முதலில் வைத்த பெயர் 'ஃபோர் எய்ம்ஸ்'. உயரத்தைக் குறிவைக்கும் நால்வர் என்பது அதன் பொருள். 'ஏம்ஸ் பிரதர்ஸ்' என்ற புகழ்பெற்ற குழுவின் பெயரோடு குழப்பம் வரும் என்பதால் 1956-ல் 'ஃபோர் டாப்ஸ்' என்று மாற்றிக்கொண்டனர்.

குரல் பங்கீடு ஆரம்பத்திலேயே தெளிவாக அமைந்தது. ஸ்டப்ஸ் பாரிடோன் குரலில் முன்னணிப் பாடகர். ஃபக்கீர் முதல் டெனர், பேட்டன் இரண்டாம் டெனர். பென்சன் கீழ்ஸ்தாயியைத் தாங்கினார். யார் எந்தச் சுரத்தில் நிற்க வேண்டும் என்று சேர்ந்திசையை வகுத்துக் கொடுத்தவர் பேட்டன். மேடையில் மக்கள் பார்த்தது ஸ்டப்ஸை. ஒத்திகை அறையில் மற்றவர்கள் செவிசாய்த்தது பேட்டனுக்கு. ஆரம்பம் முதலே குழுவின் அதிகாரம் ஒரே இடத்தில் குவியாமல் இருந்ததற்கு இந்தப் பங்கீடும் ஒரு காரணம் எனலாம்.

பத்தாண்டுக் காத்திருப்பு

பேட்டனின் உறவினரும் பாடலாசிரியருமான ராக்கெல் 'பில்லி' டேவிஸின் உதவியால் 1956-ல் சிகாகோவின் செஸ் நிறுவனத்தில் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அது விற்கவில்லை. பின்னர் கொலம்பியா, ரிவர்சைடு முதலிய நிறுவனங்களுக்காகப் பாடிய தட்டுகளும் கவனம் பெறவில்லை.

இசைத்தட்டு கைகொடுக்காத ஆண்டுகளில் மேடையே அவர்களுக்குச் சோறு போட்டது. இரவு விடுதிகளிலும் உணவு விடுதி மேடைகளிலும் பாடினர். புகழ்பெற்ற பாடகர் பில்லி எக்ஸ்டைனின் நிகழ்ச்சிகளில் துணைக்குழுவாகப் பணியாற்றினர். மேடையில் நிற்கும் முறை, உடை, நேரக் கட்டுப்பாடு, வெவ்வேறு வகை ரசிகர்களைக் கையாளும் விதம் ஆகியவற்றை அவரிடம் கற்றனர். ஜாஸ் பாடல்கள், பழைய நாடகப் பாடல்கள், மெல்லிசை என எதைக் கேட்டாலும் பாடும் பயிற்சி அவர்களுக்கு வாய்த்தது.

இந்தக் காலகட்டம் குழுவின் வாழ்வில் முக்கியமானது. பதின்ம வயதிலேயே திடீர்ப் புகழ் பெற்று, அதைத் தாங்கமுடியாமல் பிரிந்த குழுக்கள் ஏராளம். ஃபோர் டாப்ஸுக்கு வெற்றி வந்தபோது அவர்கள் முப்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தனர். பத்தாண்டு வறுமையையும் தோல்வியையும் ஒன்றாகக் கடந்தவர்கள். எந்த நிறுவனமும் சேர்த்து வைத்த குழுவாக அவர்கள் இல்லாததால், எந்த நிறுவனத்தாலும் அவர்களை எளிதில் பிரிக்கவும் முடியவில்லை.

மோட்டவுன்

கார் தொழிற்சாலையில் சில காலம் வேலை செய்தவரான பெர்ரி கோர்டி, தம் குடும்பத்தாரின் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் பெற்று 1959-ல் டெட்ராய்டில் இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். மோட்டார் நகரம் என்ற டெட்ராய்டின் பட்டப்பெயரிலிருந்து மோட்டவுன் என்ற பெயர் வந்தது. வெஸ்ட் கிராண்ட் புலவார்டில் ஒரு சாதாரண வீட்டையே ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றினார். பாடல் எழுதுபவர், இசைப்பவர், பாடுபவர், மேடை நடை கற்பிப்பவர் எனத் தனித்தனிப் பிரிவுகள் அங்கே இயங்கின. ஒவ்வொரு பாடலும் வெளிவருவதற்கு முன் தரப் பரிசோதனைக் கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. கார் தொழிற்சாலையின் உற்பத்தி முறையை இசைக்குப் பொருத்திப் பார்த்தவர் கோர்டி.

1963-ல் ஃபோர் டாப்ஸ் மோட்டவுனில் சேர்ந்தனர். நிறுவனத்தின் ஜாஸ் பிரிவுக்காக அவர்கள் முதலில் ஓர் இசைத்தொகுப்பைப் பதிவு செய்தனர். 'பிரேக்கிங் த்ரூ' என்ற அத்தொகுப்பு அப்போது வெளியிடப்படாமல் கிடப்பில் போடப்பட்டு 1999-ல்தான் வெளிவந்தது. இதற்கிடையே பிற பாடகர்களின் பதிவுகளுக்குப் பின்னணிக் குரல் கொடுத்தனர். சுப்ரீம்ஸ் குழுவின் 1963ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றில் இவர்களின் குரல்கள் உள்ளன.

பிரையன் ஹாலண்ட், லமாண்ட் டோஸியர், எடி ஹாலண்ட் என்ற மூவர் கூட்டணி அப்போது மோட்டவுனின் முதன்மைப் பாடல் ஆக்குநர்களாக உருவாகி வந்தது. அவர்களிடம் இசை மட்டும் பதிவாகிப் பாடுவதற்கு ஆள் தேடிக் காத்திருந்த ஒரு மெட்டு இருந்தது. அதை ஃபோர் டாப்ஸுக்குக் கொடுத்தனர். 'பேபி ஐ நீட் யுவர் லவ்விங்' என்ற அப்பாடல் 1964-ல் வெளியாகி, பில்போர்டு தரவரிசையில் 11ஆம் இடம் பிடித்தது. பத்தாண்டுக் காத்திருப்பு முடிந்தது.

வெற்றி ஆண்டுகள்: 1965–1967

1965 ஜூனில் 'ஐ கான்ட் ஹெல்ப் மைசெல்ஃப்' பில்போர்டு தரவரிசையில் முதலிடம் பெற்றது. அந்த வெற்றியைக் கண்ட கொலம்பியா நிறுவனம், முன்பு தாங்கள் பதிவு செய்து விற்காமல்போன ஃபோர் டாப்ஸ் பாடலை மீண்டும் சந்தைக்குக் கொண்டுவர ஏற்பாடு செய்தது. கோர்டி உடனடியாகப் புதிய பாடல் வேண்டும் என்றார். ஏறத்தாழ ஒரே நாளில் ஒரு பாடல் எழுதப்பட்டு, பதிவாகி, தட்டாகவும் அச்சிடப்பட்டது. முந்தைய வெற்றிப் பாடலின் சாயலிலேயே அமைந்த அதற்கு 'இட்ஸ் த சேம் ஓல்ட் சாங்' என்று பெயர் வைத்தனர். அதே பழைய பாட்டு என்பது அதன் பொருள். அது ஐந்தாம் இடம் வரை சென்றது.

1966-ல் வெளியான 'ரீச் அவுட் ஐல் பி தேர்' இக்குழுவின் உச்சம். குழல் ஒலியும் குதிரைக் குளம்படி போன்ற தாளமுமாகத் தொடங்கி, பாதி பேச்சாகவும் பாதி முழக்கமாகவும் போகும் பாடல் அது. வழக்கமான மோட்டவுன் பாடல்களைப் போல அது இல்லை. இது ஒரு சோதனை முயற்சி, தொகுப்பில் எங்காவது ஓரமாக இருக்கும் என்றுதான் தாங்கள் நினைத்ததாகவும், தனித்தட்டாக வெளியிட வேண்டாம் என்று கோர்டியிடம் கேட்டதாகவும் ஃபக்கீர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். கோர்டி கேட்கவில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அது முதலிடம் பெற்றது.

பிரிட்டனில் அவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு தனித்தன்மை வாய்ந்தது. பீட்டில்ஸ் குழுவின் மேலாளரான பிரையன் எப்ஸ்டைன் 1966 நவம்பரில் லண்டன் சவில் அரங்கில் அவர்களின் நிகழ்ச்சியை நடத்தினார். அடுத்த ஆண்டு பெரிய சுற்றுப்பயணமும் நடந்தது. அமெரிக்காவில் வாய்ப்புகள் குறைந்த காலங்களிலும் பிரிட்டன் ரசிகர்கள் அவர்களைக் கைவிடவில்லை.

தொடர்ந்து 'ஸ்டாண்டிங் இன் த ஷேடோஸ் ஆஃப் லவ்' ஆறாம் இடத்தையும், 1967-ல் 'பெர்னடெட்' நான்காம் இடத்தையும் பெற்றன. 'பெர்னடெட்' பாடலின் இறுதிக்கு அருகில் இசை முழுவதும் நின்றுபோகும். பாட்டு முடிந்தது என்று கேட்பவர் நினைக்கும் கணத்தில் ஸ்டப்ஸ் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூவுவார். இசை மீண்டும் எழும். சோல் இசையில் அதிகம் பேசப்பட்ட கணங்களில் அதுவும் ஒன்று.

ஸ்டப்ஸின் குரல்

காதல் பாடல்களில் மென்மையான டெனர் குரலே அப்போது விரும்பப்பட்டது. ஸ்டப்ஸ் கனமான பாரிடோன். ஹாலண்ட்–டோஸியர்–ஹாலண்ட் கூட்டணி அவருக்கு இயல்பான சுருதியை விட உயர்ந்த சுருதியில் வேண்டுமென்றே பாடல்களை அமைத்தது. எட்டாத உயரத்தை எட்டிப் பிடிக்க அவர் போராட வேண்டியிருந்தது. அந்தப் போராட்டமே பாடலின் உணர்ச்சியாக மாறியது. தேவாலயத்தில் கைகளை விரித்து முறையிடும் பிரசங்கியின் தொனி காதல் பாடலுக்குள் வந்தது. ஆண் ஒருவன் தன் பலவீனத்தை வெட்கமில்லாமல் உரக்கச் சொல்லும் பாடல்களாக அவை ஒலித்தன.

அந்தக் குரலுக்குப் பின்னால் மற்ற மூவரின் சேர்ந்திசை அமைதியாக நிற்கும். முன்னே தவிப்பு, பின்னே ஆறுதல் என்ற அமைப்பு ஃபோர் டாப்ஸ் பாடல்களின் அடையாளம்.

பெயர் வரிசை என்ற சிக்கல்

1960களின் நடுவில் மோட்டவுன் குழுக்களில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. முன்னணிப் பாடகரின் பெயர் குழுவின் பெயருக்கு முன்னால் வரத் தொடங்கியது. ஸ்மோக்கி ராபின்சனும் மிராக்கிள்ஸும், மார்த்தா ரீவ்ஸும் வாண்டெல்லாஸும், டயானா ராஸும் சுப்ரீம்ஸும் என்று தட்டுகளில் அச்சானது. தனித்து விற்கக்கூடிய நட்சத்திரத்தை உருவாக்குவது வணிக அளவில் லாபம். குழுவுக்கு அது பெரும்பாலும் பிளவின் தொடக்கம்.

சுப்ரீம்ஸின் கதை இதற்குச் சான்று. குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஃபுளோரன்ஸ் பல்லார்ட் 1967-ல் நீக்கப்பட்டு, வறுமையில் வாடி, 1976-ல் 32 வயதில் இறந்தார். டெம்ப்டேஷன்ஸ் குழுவில் தன் பெயர் முன்னால் வரவேண்டும் என்று விரும்பிய டேவிட் ரஃபின் 1968-ல் வெளியேற்றப்பட்டார். எடி கெண்ட்ரிக்ஸ் 1971-ல் விலகினார். குழுவின் பெயர் மட்டும் நிலைத்து, உள்ளே ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தனர்.

மோட்டவுனின் மிக வலிமையான ஆண்குரல்களில் ஒன்றாகக் கருதப்பட்ட ஸ்டப்ஸுக்கும் தனித்து நிற்கும் வாய்ப்பு இருந்தது. அவர் ஏற்கவில்லை. தன் பெயரைக் குழுவின் பெயருக்கு முன்னால் வைக்கவும் சம்மதிக்கவில்லை. ரசிகர்களில் பலருக்கு அவர் குரல் தெரியும், அவர் பெயர் தெரியாது. ஃபோர் டாப்ஸ் என்ற பெயரில் உள்ள 'நான்கு' என்ற சொல் கடைசிவரை உண்மையாக இருந்ததற்கு முதல் காரணம் ஸ்டப்ஸின் இந்த மறுப்பே.

பெயர் பெறாதவர்கள்

நால்வருக்குள் நிலவிய சமத்துவம் அவர்களைச் சுற்றியிருந்த அமைப்பில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஃபோர் டாப்ஸ் பாடல்களில் கேட்கும் உயர்ந்த பெண் குரல்கள் ஆண்டாண்டீஸ் என்ற குழுவினுடையவை. ஜாக்கி ஹிக்ஸ், மார்லீன் பாரோ, லூவேன் டெம்ப்ஸ் ஆகிய மூன்று பெண்கள் மோட்டவுனின் எண்ணற்ற பதிவுகளில் பாடினர். தட்டின் உறையில் அவர்களின் பெயர் இடம்பெறவில்லை.

இசைக்கருவிகளை வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் குழுவின் நிலையும் அதுவே. 'பெர்னடெட்' பாடலில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸ் கிதார் இன்றும் இசை மாணவர்கள் பயிலும் பாடம். அவர் 1983-ல் இறந்தபோது பரவலாக அறியப்படாதவராகவே இருந்தார். 2002-ல் வெளியான ஓர் ஆவணப்படம்தான் இக்கலைஞர்களைப் பொதுமக்களுக்கு அறிமுகப்படுத்தியது. ஃபோர் டாப்ஸின் ஒரு பாடல் தலைப்பையே சற்று மாற்றி அப்படத்துக்குப் பெயராக வைத்தனர். மோட்டவுனின் நிழலில் நின்றவர்கள் என்று அதன் பொருள் அமைந்தது.

கூட்டணி முறிவு

ஊதியம், உரிமைத்தொகை தொடர்பான தகராறில் ஹாலண்ட்–டோஸியர்–ஹாலண்ட் கூட்டணி 1967-ன் இறுதிவாக்கில் பாடல்கள் தருவதை நிறுத்தி, மோட்டவுனை விட்டு விலகியது. வழக்குகள் பல ஆண்டுகள் நீடித்தன. ஃபோர் டாப்ஸின் பெரிய வெற்றிகள் பெரும்பாலும் இம்மூவர் தந்தவை என்பதால் குழுவுக்கு இது பேரிழப்பு.

அதே 1967 ஜூலையில் டெட்ராய்டில் காவல்துறைச் சோதனை ஒன்றைத் தொடர்ந்து பெரும் கலவரம் மூண்டது. 43 பேர் இறந்தனர். நகரத்தின் பல பகுதிகள் எரிந்தன. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மெட்டுக்கு ஆடலாம் என்று மோட்டவுன் விற்ற கனவு தன் வாசலிலேயே அடிவாங்கியது.

குழு சமாளித்தது. பிறர் பாடிப் புகழ்பெற்ற 'வாக் அவே ரெனே' போன்ற பாடல்களைத் தம் பாணியில் பாடியது. 1970-ல் ஃபிராங்க் வில்சன் தயாரிப்பில் வந்த 'ஸ்டில் வாட்டர்ஸ் ரன் டீப்' தொகுப்பு அமைதியான புதிய தொனியைக் காட்டியது. ஆனாலும் 1966-ன் உயரம் மீண்டும் வாய்க்கவில்லை.

பாடாமல் விட்ட பாடல்

1969-ல் குழு கலிஃபோர்னியாவில் சுற்றுப்பயணத்தில் இருந்தது. பெர்க்லியில் மக்கள் பூங்கா என்ற திடல் தொடர்பான போராட்டத்தில் இளைஞர்களைக் காவலர்கள் தாக்குவதைப் பென்சன் வண்டியிலிருந்து பார்த்தார். இங்கே என்ன நடக்கிறது, பிள்ளைகளை ஏன் இப்படி அடிக்கிறார்கள் என்ற கேள்வி அவரை விடவில்லை. மோட்டவுன் பாடலாசிரியர் அல் கிளீவ்லண்டுடன் சேர்ந்து அதை ஒரு பாடலாக்கினார்.

பென்சன் அதைத் தன் குழுவிடம் கொண்டுசென்றார். மற்றவர்கள் மறுத்தனர். போராட்டப் பாடல் தங்களுக்குப் பொருந்தாது என்பது அவர்களின் கருத்து. அது அன்பைப் பற்றிய பாடல் என்று பென்சன் விளக்கியும் பயனில்லை. இறுதியில் பாடல் மார்வின் கேயிடம் சென்றது. அவர் மெட்டிலும் சொற்களிலும் தம் பங்கைச் சேர்த்தார். கோர்டி தயங்கியபோதும் 1971 ஜனவரியில் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வெளியாகி இரண்டாம் இடம் வரை உயர்ந்தது. அதே பெயரில் வந்த தொகுப்பில் மேலும் இரண்டு பாடல்களில் பென்சனுக்குப் பங்கு உண்டு. ரோலிங் ஸ்டோன் இதழ் 2020-ல் வெளியிட்ட எக்காலத்திலும் சிறந்த 500 தொகுப்புகளின் பட்டியலில் அதற்கு முதலிடம் கிடைத்தது.

குழு ஒற்றுமையின் மறுபக்கம் இங்கே தெரிகிறது. நால்வரும் ஒப்புக்கொண்டால்தான் ஒரு பாடல் என்ற வழக்கம் குழுவைக் காத்தது. அதே வழக்கம் துணிச்சலான முயற்சிக்குத் தடையாகவும் ஆனது. தங்களுள் ஒருவர் உருவாக்கிய மிகப்பெரிய பாடலை அவர்கள் பாடவில்லை. பென்சன் அந்தப் பாடலைப் பிறருக்குக் கொடுத்தார்; குழுவை விட்டுப் போகவில்லை. வேறொரு குழுவில் இது பிளவுக்குப் போதுமான காரணமாக இருந்திருக்கும்.

டெட்ராய்டில் தங்கியவர்கள்

1972-ல் மோட்டவுன் தன் தலைமையகத்தை லாஸ் ஏஞ்சலஸுக்கு மாற்றியது. டெட்ராய்டிலிருந்த இசைக்கலைஞர்கள் பலர் ஒரே நாளில் வேலையிழந்தனர். ஃபோர் டாப்ஸ் உடன் போகவில்லை. சொந்த ஊரிலேயே தங்கி, ஏபிசி-டன்ஹில் நிறுவனத்தில் சேர்ந்தனர். அங்கே டென்னிஸ் லாம்பர்ட், பிரையன் பாட்டர் ஆகியோர் எழுதிய 'கீப்பர் ஆஃப் த காசில்' முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. 1973-ல் 'எய்ன்ட் நோ உமன்' நான்காம் இடம் பிடித்தது. மோட்டவுன் இயந்திரம் இல்லாமலும் அவர்களால் நிற்க முடியும் என்பதற்கு இவை சான்றாயின.

டிஸ்கோ இசை பரவிய 1970களின் பிற்பகுதி அவர்களுக்குச் சோதனைக் காலம். தட்டுகள் விற்காதபோது, இளமையில் கற்ற மேடைத் தொழிலே மீண்டும் கைகொடுத்தது. 1981-ல் காசாபிளாங்கா நிறுவனத்துக்காகப் பாடிய 'வென் ஷி வாஸ் மை கேர்ள்' ஆர் அண்ட் பி தரவரிசையில் முதலிடம் பெற்று அவர்களைத் திரும்ப அழைத்துவந்தது.

1983-ல் மோட்டவுனின் 25ஆம் ஆண்டு விழாத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஃபோர் டாப்ஸும் டெம்ப்டேஷன்ஸும் ஒருவருக்கொருவர் போட்டியாகப் பாடினர். அதற்குக் கிடைத்த வரவேற்பால் இரு குழுக்களும் பல ஆண்டுகள் சேர்ந்து சுற்றுப்பயணம் செய்தன. 1986-ல் 'லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' திரைப்படத்தில் மனிதரைத் தின்னும் செடிக்கு ஸ்டப்ஸ் குரல் கொடுத்தார். 1988-ல் பில் காலின்ஸும் லமாண்ட் டோஸியரும் எழுதிய 'லோகோ இன் அகபுல்கோ' பிரிட்டனில் முதல் பத்துக்குள் வந்தது. 1990-ல் ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடத்தில் குழு சேர்க்கப்பட்டது. அவர்களுக்குப் பாடல்கள் தந்த ஹாலண்ட்–டோஸியர்–ஹாலண்ட் மூவருக்கும் அதே ஆண்டு அந்தச் சிறப்பு கிடைத்தது.

நால்வருக்குப் பின்

1997 ஜூன் 20 அன்று லாரன்ஸ் பேட்டன் கல்லீரல் புற்றுநோயால் 59 வயதில் இறந்தார். எஞ்சிய மூவரும் சில காலம் அவர் இடத்தை நிரப்பாமல் 'டாப்ஸ்' என்ற பெயரில் மூவராகவே பாடினர். பெயரில் 'நான்கு' இருக்க வேண்டும் என்றால் மேடையில் நான்கு பேர் இருக்க வேண்டும் என்று அவர்கள் கருதினர். பின்னர் டெம்ப்டேஷன்ஸில் பாடிய தியோ பீப்பிள்ஸ் சேர்ந்ததும் பழைய பெயர் திரும்பியது.

2000-ல் உடல்நலம் குன்றிய ஸ்டப்ஸ் மேடையிலிருந்து விலகினார். 2004-ல் டெட்ராய்ட் ஆப்பரா அரங்கில் நடந்த ஐம்பதாம் ஆண்டு விழாவில் சக்கர நாற்காலியில் வந்து பாடினார். பென்சன் 2005 ஜூலை 1 அன்றும், ஸ்டப்ஸ் 2008 அக்டோபர் 17 அன்றும் காலமாயினர். பென்சனின் இடத்துக்குப் பேட்டனின் மகன் ராக்கெல் பேட்டன் வந்தார். 2009-ல் குழுவுக்குக் கிராமி வாழ்நாள் சாதனையாளர் விருது வழங்கப்பட்டது. நால்வரில் எஞ்சியிருந்த ஃபக்கீர் எண்பது வயதைக் கடந்தும் மேடையேறினார். 2022-ல் தன் வாழ்க்கை வரலாற்று நூலை வெளியிட்டார். 2024 ஜூலை 22 அன்று டெட்ராய்டில் 88 வயதில் இறந்தார். புதிய உறுப்பினர்களோடு குழு இப்போதும் நிகழ்ச்சிகள் நடத்துகிறது.

வரலாற்று இடம்

ஃபோர் டாப்ஸ் புதிய இசை வடிவம் எதையும் கண்டுபிடித்தவர்கள் எனச் சொல்ல முடியாது. அவர்களின் பாடல்களை எழுதியவர்கள் வேறு, இசைத்தவர்கள் வேறு. தங்கள் காலத்தின் அரசியலை நேரடியாகப் பாடும் வாய்ப்பு கைக்கு வந்தபோதும் தவறவிட்டனர். ஆயினும் ஸ்டப்ஸின் குரலும் மற்ற மூவரின் சேர்ந்திசையும் இணைந்து 1964 முதல் 1967 வரை உருவான பாடல்கள் சோல் இசையின் இலக்கணமாக நிலைத்துவிட்டன.

மோட்டவுன் ஒரு தொழிற்சாலை போல இயங்கியது. தொழிற்சாலையில் உதிரிப்பாகத்தை மாற்றலாம், பெயர்ப்பலகை அப்படியே இருக்கும். பல குழுக்கள் அப்படித்தான் நடத்தப்பட்டன. ஃபோர் டாப்ஸ் மட்டும் ஒருவரையும் மாற்ற இடம் கொடுக்கவில்லை. பள்ளிக்கூட நாளில் விருந்து ஒன்றில் தற்செயலாகச் சேர்ந்த நால்வர், தோல்வியிலும் புகழிலும் ஊர் எரிந்தபோதும் நிறுவனம் ஊரைவிட்டுப் போனபோதும் பிரியவில்லை. அவர்களைப் பிரித்தது மரணமே.